வயிற்று உப்புசத்துக்குத் தந்த மாத்திரையும் வெளிப்பட்ட பார்க்கின்சன் நோயும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 63 வயது ஆண். கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வலக்கைப் பழக்கம் உள்ளவர். ரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாக டெல்மிசார்டான் 40 மி.கி. எடுத்துவந்தார். சர்க்கரை நோய் இல்லை. பக்கவாதம் வந்ததில்லை, தலையில் பெரிய அடி பட்டதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்கும் கைநடுக்கம் இருந்ததாகக் குடும்பத்துக்குத் தெரியாது.

நரம்பியல் பிரிவுக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன் வலது தோளில் வலி தொடங்கியது. சட்டைக் கைக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடு. தோள்பட்டை இறுக்கம் என்று சொல்லி வலி மாத்திரை, பயிற்சி, மூட்டுக்குள் ஓர் ஊசி என வைத்தியம் நடந்தது. வலி பாதி குறைந்தது. கை மட்டும் பழையபடி இலகுவாகவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் வயிற்று உப்புசமும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும் உணர்வும் வந்தன. எண்டோஸ்கோபியில் குறை எதுவும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் ரபிப்ரசோலும், இரைப்பையை வேகமாகக் காலியாக்கும் 75 மி.கி. லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்ஸ்யூல் ஒன்று, தினம் ஒரு வேளை, இரண்டு வாரத்துக்கு எழுதித் தரப்பட்டது. உப்புசம் அடங்கியதால் அவர் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் எழுந்து நிற்கும்போது தலைசுற்றியது. வேறொரு மருத்துவர் சின்னரிசின் 25 மி.கி. மூன்று வேளை கொடுத்தார். அந்த மாத்திரையையும் அவர் நிறுத்தவில்லை.

சின்னரிசின் சேர்ந்த ஆறு வாரத்துக்குள் இரண்டு கைகளும் நடுங்கத் தொடங்கின. தாடையும் நடுங்கியது. நடை குறுகியது, பேச்சு தணிந்தது, படுக்கையில் புரண்டு படுக்க மனைவியின் துணை தேவைப்பட்டது. நரம்பியல் மருத்துவரிடம் வந்தபோது கையில் இருந்த மருந்துப் பட்டியலில் "கேஸ் மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்று மட்டுமே எழுதியிருந்தது. அட்டைகளைக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான் லெவோசல்பிரைடின் பெயர் வெளியே வந்தது. அதுவும் அட்டையின் பின்புறம், ரபிப்ரசோலுக்கு அடுத்து, சிறிய எழுத்தில்.

முதல் பரிசோதனை

உட்கார்ந்த நிலையில் இரு கைகளையும் மடியில் தளர விட்டு, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லச் சொன்னபோது ஓய்வு நடுக்கம் தெளிவாகத் தெரிந்தது. வலக்கையில் அதிகம், இடக்கையிலும் உண்டு. நோட்டமிட வேண்டியது இந்தச் சமயத்தில்தான். கையை நீட்டச் சொன்னால் இந்த நடுக்கம் சில நொடி மறைந்துபோகும். நீட்டிய கையை மட்டும் பார்ப்பவர் நடுக்கம் இல்லை என்று எழுதிவிடுவார்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்த அளவு அகலமாகத் திறந்து, முடிந்த அளவு வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்லப்பட்டது. வலக்கையில் முதல் மூன்று தட்டுகள் அகலமாக வந்தன. நான்காவதிலிருந்து விரல்களுக்கு இடையே இடைவெளி சுருங்கியது, ஏழாவதில் விரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றன, கடைசித் தட்டுகள் வெறும் துடிப்பாக முடிந்தன. பார்க்கின்சன் நோயில் தேட வேண்டிய மந்தம் இதுதான். வெறுமனே மெதுவாகச் செய்வது முதுமையிலும் வரும், தளர்விலும் வரும்; செய்யச் செய்ய வீச்சு சுருங்குவதுதான் அடையாளம்.

மணிக்கட்டை மெல்லச் சுழற்றியபோது வலப்பக்கம் பல்சக்கரம் நகர்வது போல விட்டு விட்டு இறுக்கம் தட்டுப்பட்டது. இடப்பக்கம், வலக்கையை அடுத்தடுத்து மூடித் திறக்கச் சொன்ன பிறகே அது தெரிந்தது. தோளை மருத்துவர் தாமே அசைத்துப் பார்த்தபோது வெளிப்புறச் சுழற்சி ஏறத்தாழ முழுமையாக வந்தது. மூட்டு உறை சுருங்கிய தோளில் பிறர் அசைத்தாலும் அந்தச் சுழற்சி தடைபடும். இவருக்குத் தடையாக இருந்தது மூட்டைவிடத் தசையின் இறுக்கமே.

நடக்கும்போது வலக்கை வீச்சு அறவே இல்லை. திரும்ப ஆறு அடி எடுத்தார். பின்னாலிருந்து தோளைச் சட்டென இழுத்தபோது இரண்டு அடி பின்வைத்துத் தாமே நிலைகொண்டார். கண் அசைவுகள் மேலும் கீழும் முழுமையாக இருந்தன. ரத்த அழுத்தம் படுத்திருக்கையில் 138/82; எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 116/74. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது நிலை மாறும்போது வரும் அழுத்தக் குறைவு. அவருடைய தலைசுற்றலின் காரணம் அங்கே இருந்தது. இயக்கக் குறைபாட்டு மதிப்பெண், உச்சமாக 132 வரை போகும் அளவுகோலில், 38.

யாரும் கேட்காததால் சொல்லப்படாதவை

கேப்ஸ்யூலும் சின்னரிசினும் தெரிந்தவுடனே மருந்தால் வந்த பார்க்கின்சன் நிலை என்று முடித்துவிட முடியும். இரண்டுமே, அசைவுகளுக்கான செய்தியை மூளையில் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் போய்ச் சேரும் டி2 ஏற்பிகளை அடைப்பவை. காலக் கணக்கும் பொருந்துகிறது. இரு கைகளும் தாடையும் சேர்ந்து நடுங்குவது மருந்தால் வரும் வகையில் அதிகம். ஆனால் வலப்பக்கம் தெளிவாக மிகுந்திருந்தது. மருந்தால் வருவதும் சில சமயம் ஒருபக்கம் மிகுந்து வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் தீர்க்க முடியாது. எனவே கேப்ஸ்யூலுக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றித் தனியாக விசாரிக்கப்பட்டது.

மனைவி சொன்னது: "தூக்கத்துல யாரையோ அடிக்கிற மாதிரி கையை வீசுவார், டாக்டர். கத்துவார். ஒரு தடவை கட்டில்லேர்ந்து விழுந்துட்டார். ஆறேழு வருஷமா நான் தனியாத்தான் படுக்கிறேன்." கனவு காணும் உறக்கத்தில் உடல் தளர்ந்து கிடக்க வேண்டும், அந்தத் தளர்வு இல்லாமல் போனால் கனவில் நடப்பதை உடம்பு செய்துகாட்டும். பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடிய அறிகுறிகளில் இதற்கு மிகுந்த எடை உண்டு.

வாசனை பற்றிக் கேட்டபோது அவர் குறை ஒன்றுமில்லை என்றார். கண்ணை மூடி ஒவ்வொரு நாசியிலும் காப்பித்தூள், சோப்பு, கிராம்பு காட்டியபோது மூன்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை என்று மகள் அப்போது நினைவுகூர்ந்தார். மலச்சிக்கல் ஐந்து ஆண்டுகளாக இருந்தது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

முடிவைத் திருப்பியது வீட்டு வரவு செலவு நோட்டுகள். அவர் தினமும் எழுதுபவர் என்பதால் மூன்று ஆண்டு நோட்டுகளை மகள் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுக்கு முந்தைய பக்கங்களில் எண்கள் கோட்டுக்குக் கோடு நிறைந்து நின்றன. இரண்டு ஆண்டுக்கு முந்தைய பக்கங்களில் ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கி வலப்பக்கம் போகப்போகச் சிறுத்தது. கூட்டுத்தொகை வரும் இடத்தில் படிக்கவே முடியவில்லை. கேப்ஸ்யூல் தொடங்கியதற்குப் பதினேழு மாதம் முன்பே தேதியிட்டு எழுதிய பக்கங்கள் அவை. அதே காலத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி ஒரு காசோலையைத் திருப்பியனுப்பியதும் அப்போதுதான் பேச்சில் வந்தது.

நோய் இயங்கிய விதம்

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியிலுள்ள நரம்பணுக்கள் டோபமைனைச் சுரந்து, அசைவுகளின் அளவையும் வேகத்தையும் சீராக்கும் உள் மையங்களுக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து இந்த அணுக்களுக்குள் திரள்கிறது. அணுக்கள் மெல்ல மடிகின்றன. கணிசமான பங்கு அழிந்த பிறகே நடுக்கமும் மந்தமும் கண்ணுக்குத் தெரியும். அதுவரை எஞ்சிய அணுக்கள் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும். இதே புரதத் திரள் மோப்பக் குமிழிலும், குடலின் நரம்புப் பின்னலிலும், உறக்கத்தை ஆளும் மூளைத் தண்டிலும் காணப்படுகிறது. வாசனை இழப்பும் மலச்சிக்கலும் உறக்கக் கோளாறும் முந்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

இவரிடம் ஈடுகொடுக்கும் கையிருப்பு ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எஞ்சிய டோபமைன் போய்ச் சேர வேண்டிய ஏற்பிகளை இரண்டு மருந்துகள் அடைத்தன. மெதுவாக, ஒருவேளை இன்னும் ஓரிரு ஆண்டு கழித்து வெளிப்பட்டிருக்கக்கூடியது சில வாரங்களில் வெளியே வந்தது.

இதில் உறுத்தும் விஷயம் வேறு. உப்புசம், நிற்கும்போது தலைசுற்றல் இரண்டுமே அதே நோயின் அறிகுறிகளாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்க்கின்சனில் இரைப்பை மெதுவாகவே காலியாகும். தன்னியக்க நரம்புகள் தளர்வதால் நிற்கும்போது அழுத்தம் இறங்கும். நோயின் முன்னறிகுறிகளுக்கு என்று தந்த மருந்துகளே நோயைக் கூட்டின. ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் நாளே லெவோசல்பிரைடும் சின்னரிசினும் நிறுத்தப்பட்டன. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா உடனே தொடங்கப்படவில்லை. அவரால் தாமே நடக்க, உண்ண முடிந்தது. விழும் ஆபத்து உடனடியாக இல்லை. நிறுத்துவதையும் தொடங்குவதையும் ஒரே நாளில் செய்தால் பிறகு வரும் முன்னேற்றம் எதனால் என்று சொல்ல முடியாமல் போகும். இப்படிப்பட்ட நடுக்கத்துக்கு வழக்கமாக எழுதப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் வேண்டாம் என்று குறிப்பாக எழுதி வைக்கப்பட்டது. இந்த வயதில் அது நினைவைக் குழப்பும், மலச்சிக்கலைக் கூட்டும், சிறுநீரைத் தேக்கும்.

தலைசுற்றலுக்கு மாத்திரை இல்லாத வழிகள் சொல்லப்பட்டன: போதுமான தண்ணீர், கட்டிலின் தலைப்பக்கம் சற்று உயர்வு, எழுமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்திருத்தல். வீட்டில் எடுத்த அளவுகளைப் பார்த்து டெல்மிசார்டான் 20 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது. உப்புசத்துக்குச் சிறு சிறு உணவாக ஐந்து வேளை. மலச்சிக்கலுக்குத் தினம் ஒரு பொட்டலம் மேக்ரோகால் தூள். தைராய்டு, பி12 இயல்பு. எம்.ஆர்.ஐ. படத்தில் பழைய அடைப்புகளோ, மூளை நீர் அறைகளின் வீக்கமோ இல்லை. பார்க்கின்சன் நோயில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அது எடுக்கப்படுவது நோயை உறுதிசெய்ய அல்ல, வேறொன்றும் இல்லை என்று பார்க்க.

ஆறு மாதக் காத்திருப்பு

முதல் இரண்டு வாரத்தில் மாற்றம் எதுவும் இல்லை. குடும்பம் பொறுமை இழந்தது. டி2 அடைப்பால் வந்த இறுக்கம் மருந்து உடலைவிட்டுப் போன பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் என்பதை முதல் நாளே அழுத்திச் சொல்லியிருந்தால் இந்தப் பதற்றம் குறைந்திருக்கும்.

ஆறாவது வாரம் தாடை நடுக்கம் நின்றது. மூன்றாவது மாதம் இடக்கை ஏறத்தாழ இயல்பானது, புரண்டு படுக்கத் துணை தேவைப்படவில்லை. "மருந்தால வந்தது, மருந்தை நிறுத்தினதும் போயிடுச்சு, இனிமே வரணுமா?" என்று மகள் கேட்டார். இப்படிப்பட்ட பல நோயாளிகள் தொடர்பு விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். வலக்கையின் தட்டும் சோதனை மட்டும் மாறவே இல்லை. நோட்டுகளும் உறக்கமும் வாசனையும் பதிவில் இருந்ததால், ஆறாவது மாதம் கட்டாயம் வர வேண்டும் என்று தேதி குறித்துக் கொடுக்கப்பட்டது.

ஆறாவது மாதம் மதிப்பெண் 24-இல் நின்றது. எஞ்சியது முழுக்க வலப்பக்கம். நரம்பு முனைகளில் உள்ள டோபமைன் கடத்தியைக் காட்டும் ஸ்கேன் அப்போது எடுக்கப்பட்டது. மருந்தால் மட்டும் வந்த நிலையில் இந்த ஸ்கேன் இயல்பாக இருக்கும், ஏனென்றால் அடைபடுவது ஏற்பிதான். டோபமைன் அனுப்பும் நரம்பு முனைகள் அப்படியே இருக்கும். இவருக்கு இடப்பக்க மூளையில் பதிவு வெகுவாகக் குறைந்திருந்தது. வலப்பக்கத்திலும் லேசாகக் குறைவு. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்வதால் இது எதிர்பார்த்ததே. இடக்கை சரியானது நிம்மதி தந்தாலும் அந்தப் பக்கமும் நோய்க்கு வெளியே இல்லை என்பது தெரிந்தது. முடிவு: பார்க்கின்சன் நோய், மருந்துகளால் முன்கூட்டி வெளிப்பட்டது.

ஏன் வந்தது என்ற கேள்வி

குடும்பத்தின் முதல் கேள்வி இதுதான். அந்தக் கேப்ஸ்யூல்தான் நோயை உண்டாக்கியதா என்பது அதற்குள்ளே இருந்த கேள்வி. நரம்பணு இழப்புக்கு அது காரணம் அல்ல என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. பெரும்பாலோரிடம் ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. வயதே மிகப் பெரிய காரணி. எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ.1 போன்ற மரபணு மாற்றங்கள் சிறு பங்கினரிடம் உண்டு; 50 வயதுக்கு முன் வந்தால் அல்லது குடும்பத்தில் பலருக்கு இருந்தால் தேடிப்பார்க்கலாம். பாராகுவாட், ரோட்டினோன் போன்ற பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளின் நீண்டகாலத் தொடர்பும், தலையில் பட்ட பலத்த அடியும் ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இவரிடம் வயதைத் தவிர எதுவும் இல்லை. மகளுக்கு ஆபத்து பிறரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பரிசோதனை தேவையில்லை என்று சொல்லப்பட்டது.

லெவோடோபாவும் ஒரு சறுக்கலும்

டோபமைனைப் போலவே ஏற்பிகளைத் தூண்டும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் எண்ணிப் பார்க்கப்பட்டுக் கைவிடப்பட்டன: நிற்கும்போது அழுத்தம் இறங்குபவருக்கு அவை மேலும் இறக்கும், பகலில் தூக்கம் தரும், சிலரிடம் சூதாட்டம், வாங்கிக் குவித்தல் போன்ற கட்டுப்பாடற்ற உந்துதல்களைக் கிளப்பும். லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 25 மி.கி. சேர்ந்த மாத்திரை, அரை மாத்திரை மூன்று வேளை, ஒரு வாரத்துக்குப் பின் முழு மாத்திரை மூன்று வேளை என்று தொடங்கப்பட்டது. சீக்கிரம் தொடங்கினால் மருந்து சீக்கிரம் பலனிழக்கும் என்ற பயம் குடும்பத்துக்கு இருந்தது. பின்னாளில் வரும் ஏற்ற இறக்கங்கள் நோய் முற்றுவதாலும் மருந்தின் மொத்த அளவாலும் வருபவை. தேவைப்படும் நேரத்தில் தள்ளிப்போடுவதால் சேமிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

நான்காம் நாள் குமட்டல். அருகிலிருந்த மருத்துவரிடம் "கைநடுக்கத்துக்குப் புது மாத்திரை" என்று மட்டும் சொன்னார்கள். மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. மூன்று வேளை கொடுக்கப்பட்டது. இரண்டே நாளில் தாடை மறுபடி நடுங்கியது, இடக்கை இறுகியது. அதே டி2 அடைப்பு, வேறு பெயரில். மெட்டோகுளோபிரமைடு நிறுத்தப்பட்டு, இ.சி.ஜி. பார்த்துவிட்டு டோம்பெரிடோன் 10 மி.கி. இரண்டு வாரத்துக்குத் தரப்பட்டது. டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதும் புகாது, ஆனால் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி. இல்லாமல் தருவது சரியல்ல.

குமட்டலுக்குப் பயந்து மனைவி மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்துவந்ததும் தெரியவந்தது. உணவிலுள்ள புரதம் குடலில் லெவோடோபாவின் வழியையே பயன்படுத்துவதால் மருந்து உள்ளே போவது தாமதமாகும். முதல் மூன்று வாரம் இரண்டு பிஸ்கெட்டோடு, பிறகு உணவுக்கு அரை மணி முன் வெறும் தண்ணீரோடு என்று மாற்றப்பட்டது. திடீரென்று நிறுத்தவே கூடாது, ஊர்ப் பயணத்தில்கூட, என்பதும் எழுதிக் கொடுக்கப்பட்டது. சட்டென நிறுத்தினால் கடும் இறுக்கமும் காய்ச்சலும் மனக்குழப்பமும் வரலாம்.

பலன்

மூன்று மாதத்தில் மதிப்பெண் 14. தட்டும் சோதனையில் பத்துத் தட்டுகளும் அகலமாக வந்தன, எட்டாவதில் லேசான சுருக்கம். திரும்ப மூன்று அடி போதுமானது. ஓய்வு நடுக்கம் பாதிதான் குறைந்தது. நடுக்கம் மற்ற அறிகுறிகளைவிட மருந்துக்குக் குறைவாகவே மசியும் என்பதால் அதற்காக அளவு ஏற்றப்படவில்லை. வலது தோள் வலி போயே போய்விட்டது, மூட்டுக்கு வேறு வைத்தியம் எதுவும் செய்யாமலே.

வாசனை திரும்பவில்லை, திரும்பும் என்று சொல்லப்படவும் இல்லை. உறக்கத்தில் கைவீச்சுக்கு இரவு 3 மி.கி. மெலடோனின்; கட்டிலோரம் மெத்தை, அருகிலிருந்த கண்ணாடி மேசை அகற்றல். பெரிய அசைவுகளை வேண்டுமென்றே செய்யும் பயிற்சியும் வேக நடையும் பெரும்பாலான நாட்களில் நடக்கின்றன. ஓராண்டு முடிவில் அதே அளவு மருந்தில், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார்.

இனி மாற்ற வேண்டியவை

ஐம்பது வயதைத் தாண்டியவரிடம் ஒரு தோள் இறுக்கம் வைத்தியத்துக்கு மசியாவிட்டால், விரல் தட்டும் சோதனையையும் நடையில் கைவீச்சையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். கேப்ஸ்யூலுக்கு முந்தைய பதினோரு மாதத்தில் யாராவது அதைச் செய்திருந்தால் கேப்ஸ்யூல் எழுதப்பட்டிருக்காது. மலச்சிக்கல் உள்ள எல்லோரையும் பார்க்கின்சன் என்று சந்தேகிக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாக வரும் மலச்சிக்கலுக்கோ வாசனைக் குறைவுக்கோ சாதாரணக் காரணங்களே அதிகம். உறக்கத்தில் கைவீச்சு, வாசனை இழப்பு, ஒருபக்க மந்தம் மூன்றும் ஒருவரிடம் கூடும்போதுதான் எச்சரிக்கை தேவை.

டி2 ஏற்பிகளை அடைக்கும் லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளூனரிசின் ஆகியவற்றைத் தொடங்கும்போதே நிறுத்தும் தேதியைச் சீட்டில் எழுத வேண்டும். இவற்றால் நடுக்கம் வந்து, நிறுத்திய பின் குறைந்தாலும், ஓராண்டு வரை பார்வையில் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின்னும் ஒருபக்கம் மீந்தால் அதை மருந்தின் மிச்சம் என்று எழுதக் கூடாது.

நோயாளியிடம் இப்போது சட்டைப்பையில் மடித்து வைக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. ஒருபுறம் தற்போதைய மருந்துகள், மூலப்பெயரும் வேளையும் சேர்த்து. மறுபுறம் கொடுக்கக் கூடாத மருந்துகள். மேலே சொன்ன ஐந்தும், மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடாலும். இந்த அட்டை லெவோடோபாவின் முதல் சீட்டோடு சேர்த்தே கொடுக்கப்பட வேண்டியது. இவருக்கு அது பத்து நாள் தாமதமாகவே கிடைத்தது.